ஹாப்பெலுக்கு இவ்வளவு பாராட்டு தகுமா?

கேள்வி: சிறந்த கால்பந்து பயிற்சியாளர்கள் வரிசையில் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் ஹாப்பெலை முதல் ஐந்து பேருக்குள் வைத்திருந்தீர்கள். ஆட்டக்காரராக அவர் ஒரு சாதாரணத் தடுப்பாட்டக்காரர். எங்கும் நிலைக்காமல் நாடு நாடாகச் சுற்றியவர். வீரர்களோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாராம். நல்ல ஆட்டக்காரர்கள் வாய்த்த இடத்தில் கோப்பை வாங்கினார். உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தோற்றார். இதற்கு இவ்வளவு பாராட்டா?

பதில்: தகும். இன்னும் கொஞ்சம் கூடவே தகும். நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகளில் பாதி, ஸ்கோரைக்கூடப் பார்க்காமல் யாரோ சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டதாகத் தெரிகிறது.

முதலில் அந்தச் "சாதாரணத் தடுப்பாட்டக்காரர்". வியன்னாவின் ராபிட் கிளப்பில் வளர்ந்தவர், ஆஸ்திரியாவுக்காக 51 ஆட்டங்கள் ஆடியவர், 1954 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் இருந்தவர். 1956-ல் ஐரோப்பியக் கோப்பையில் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) ராபிட்டுக்கு எதிரே வந்தது நடப்பு சாம்பியன் ரியால் மாட்ரிட், நட்சத்திர ஆட்டக்காரர் டி ஸ்டெஃபானோவோடு. மாட்ரிட்டில் 4-2 என்று தோற்ற ராபிட், வியன்னாவில் 3-1 என்று ஜெயித்தது. அந்த மூன்று கோலையும் அடித்தவர் தடுப்பாட்டக்காரரான ஹாப்பெல்! மொத்தக் கணக்கு 5-5. மொத்தக் கணக்கு சமமானால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற விதி அன்று இருந்திருந்தால் ரியால் அங்கேயே மூட்டை கட்டியிருக்கும். விதி இல்லை, மூன்றாவது ஆட்டம் வைத்தார்கள், அதுவும் மாட்ரிட்டிலேயே. ரியால் 2-0 என்று தப்பித்தது.

அப்புறம், நிலைக்காதவர் என்கிறீர்கள். ஹாலந்தில் டென் ஹாக் அணியோடு 1962 முதல் 1969 வரை ஏழு வருடம் இருந்தார். ஹாம்பர்க்கில் ஆறு வருடம். இன்று எந்தப் பெரிய கிளப் ஒரு பயிற்சியாளரை ஆறு வருடம் வைத்துக்கொள்கிறது? ஸ்பெயினின் செவில்லாவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹாலந்து, பெல்ஜியம், ஜெர்மனி, ஆஸ்திரியா என்று நாலு நாட்டு லீக் பட்டங்களை வாங்கியவரை ஊர்சுற்றி என்று ஒதுக்குவது நியாயமே இல்லை.

பேசமாட்டார் என்பது உண்மைதான். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, விரலிடுக்கில் சிகரெட்டோடு நிற்பார். டென் ஹாக் நாட்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கோல்கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் ஒரு தகர டப்பாவை வைத்து, தூரத்திலிருந்து பந்தை உதைத்துத் தட்டிவிட்டு, இப்போது நீங்கள் செய்யுங்கள் என்று வீரர்களைப் பார்த்து நின்றாராம். கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் அவருடைய பாணி அதுதான்: சொல்வதைவிட, முடிவெடுத்துக் காட்டிவிடுவார்.

1970 மே 6, மிலானின் சான் சிரோ மைதானத்தைப் பாருங்கள். ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் ஹாப்பெலின் ஹாலந்து கிளப் ஃபெயனூர்ட்டும் ஸ்காட்லாந்தின் செல்டிக்கும். 1967-ல் கோப்பை வாங்கிய செல்டிக்தான் ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஹாப்பெல் என்ன செய்தார் தெரியுமா? சீசன் முழுக்க ஆடிய கோல்கீப்பர் ட்ரெய்ட்டெலை உட்காரவைத்துவிட்டு, 36 வயதான பீட்டர்ஸ் கிராஃப்லாண்டை இறக்கினார். தோற்றிருந்தால் அந்த ஒரு முடிவுக்காகவே அவரை வறுத்தெடுத்திருப்பார்கள். செல்டிக் முதல் கோலை அடித்தது. இரண்டே நிமிடத்தில் இஸ்ரேல் சமன் செய்தார். அதற்குப் பிறகு நடுக்களம் முழுக்க வான் ஹானெகெம், யான்சென், ஆஸ்திரியரான ஹாசில் ஆகிய மூவரின் கையில். கூடுதல் நேரமும் முடியப்போகிற சமயத்தில் ஷின்ட்வால் அடித்தார், 2-1. ஹாலந்து கிளப் ஒன்று அந்தக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல் முறை. டச்சுக் கால்பந்து என்றதும் பயிற்சியாளர் மிக்கெல்ஸ், ஆட்டக்காரர் க்ரைஃப், அவர்களுடைய அயாக்ஸ் கிளப் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அயாக்ஸ் தன் முதல் கோப்பையை வாங்கியது அடுத்த வருடம், 1971-ல். இந்த வரிசையை மறந்துவிடுவதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

அடுத்து 1983, ஏதென்ஸ். அதே கோப்பையின் இறுதிப் போட்டி, இந்த முறை ஜெர்மனியின் ஹாம்பர்க்கோடு. எதிரே இத்தாலியின் யுவென்டஸ். முந்தைய வருடம்தான் உலகக் கோப்பை வாங்கிய இத்தாலி அணியிலிருந்து ஸோஃப், ஷிரேயா, ஜென்டிலே, கப்ரினி, தார்தெல்லி, ரோஸி என்று ஆறு பேர். போதாக்குறைக்கு பிரான்ஸின் பிளாட்டினியும் போலந்தின் போனியெக்கும். ஹாம்பர்க்கில் மாகாட், ஹ்ரூபெஷ், கால்ட்ஸ் போல நல்ல ஆட்டக்காரர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் பக்கம் பந்தயம் கட்டுவீர்கள்? ஹாப்பெல், ரோல்ஃப் என்ற வீரரிடம் பிளாட்டினியை ஒப்படைத்தார். ஆட்டம் முழுக்க பிளாட்டினியால் நிமிர முடியவில்லை. தொடக்கத்திலேயே மாகாட் தூரத்திலிருந்து அடித்த ஒரு கோல் போதுமானதாக இருந்தது. அதே ஹாம்பர்க் 1982 ஜனவரியிலிருந்து 1983 ஜனவரி வரை ஜெர்மன் லீக்கில் 36 ஆட்டங்கள் தோற்காமல் இருந்தது. முப்பது வருடம் கழித்து பேயர்ன் மியூனிக் வந்துதான் அந்தச் சாதனையை முறியடித்தது.

சரி, 1978. உங்கள் பெரிய ஆயுதம். அந்த மே மாதம், பெல்ஜியத்தின் ப்ரூகே கிளப்பை ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டிவரை கொண்டுவந்து, வெம்ப்ளியில் லிவர்பூலிடம் ஒரே கோலில் தோற்றார். அடுத்த மாதமே ஹாலந்து அணியோடு உலகக் கோப்பைக்காக அர்ஜென்டினாவில். க்ரைஃப் வரவில்லை. முதல் சுற்றில் ஸ்காட்லாந்திடம் அடி. ஆனாலும் இரண்டாம் சுற்றில் தன் சொந்த நாடான ஆஸ்திரியாவை 5-1 என்று வீழ்த்தி, இத்தாலியையும் வென்று இறுதிப் போட்டிக்கு வந்தார். அர்ஜென்டினா ஒரு கோல் முன்னால். ஹாப்பெல் மாற்று ஆட்டக்காரராக இறக்கிய நானிங்கா 82-வது நிமிடத்தில் தலையால் முட்டிச் சமன் செய்தார். கடைசி நிமிடத்தில் ரென்சன்பிரிங்க் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு சாண் உள்ளே போயிருந்தால் ஹாலந்து உலக சாம்பியன். நீங்களும் இந்தக் கேள்வியை எழுதியிருக்கமாட்டீர்கள். கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினா 3-1 என்று ஜெயித்தது. தோல்வி தோல்விதான். ஆனால் அந்த ஒரு சாணை வைத்து ஒரு மனிதரின் முப்பது வருட உழைப்பை அளப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அறுபது வயதைத் தாண்டி ஊர் திரும்பி, இன்ஸ்ப்ரூக்கில் டிரோல் அணிக்கு 1989, 1990 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்தார். நுரையீரல் புற்றுநோயோடுதான் 1992-ல் தேசிய அணியை நடத்தினார். அந்த நவம்பரில் இறந்தார். வியன்னாவின் பிராட்டர் மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

மிச்சம் இருப்பது, நல்ல ஆட்டக்காரர்கள் வாய்த்ததால்தான் என்ற உங்கள் வாதம். இரண்டு வெவ்வேறு கிளப்புகளோடு ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பயிற்சியாளர் ஹாப்பெல். அதையே செய்த ஹிட்ஸ்ஃபெல்ட், மொரின்யோ, ஹைன்கெஸ், அன்செலோட்டி எல்லாம் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். ஃபெயனூர்ட், ப்ரூகே, ஹாம்பர்க் மூன்றையும் அவர் அந்த இறுதிப் போட்டிக்கு அழைத்துப் போனார். அவர் போன பிறகு மூன்றில் ஒன்றுகூட அங்கே திரும்ப வரவில்லை. இத்தனை வருடத்தில் அந்த மூன்று கிளப்புக்கும் நல்ல ஆட்டக்காரர்களே கிடைக்கவில்லை என்கிறீர்களா?