சபையும் மறுக்கிறது, சட்டமும் மறுக்கிறது: சேர்ந்து வாழும் இரு பெண்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நான் தையல் கடை வைத்திருக்கிறேன், தோழி ஆசிரியை. ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். இருவரும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. வீடும் அரை ஏக்கர் தேயிலையும் அவள் பெயரில். அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள், தம்பிக்கு எங்களைப் பிடிக்காது. ஆலயத்தில் திருமணம் நடத்த முடியாது என்று ஆயர் சொல்லிவிட்டார். அரசு மதச்சார்பற்றதுதானே அம்மா, சார்பதிவாளர் ஆபீஸில் பதிவு செய்யலாமா? நாளைக்கு ஒருத்திக்கு ஏதாவது ஆனால் மற்றவள் கதி என்ன?

பதில்: சகோதரி, பதிவு செய்ய முடியாது. ஊட்டிக்குப் போனாலும் குன்னூருக்குப் போனாலும் இன்றைக்கு இதே பதில்தான் கிடைக்கும். ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு வழி இருக்கிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் ஆயர் விஷயம். ஆலயத்தில் கல்யாணம் முடிந்ததும் மணமக்களை வெஸ்ட்ரிக்கு, அதாவது ஆலயத்தை ஒட்டிய அறைக்குக் கூட்டிப்போவார்கள், பார்த்திருப்பீர்கள். மேஜையில் ஒரு பெரிய ரிஜிஸ்டர் விரித்திருக்கும். பெண், மாப்பிள்ளை, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட, கடைசியாக ஆயர் போடுவார். பீடத்தின் முன் ஜெபித்தபோது அவர் சபையின் ஊழியர். அந்த மேஜையில் உட்காரும்போது 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் எழுதுகிறார். அந்தப் பதிவின் நகல் அரசுப் பதிவாளருக்குப் போகிறது. ஆசீர்வாதமும் சட்டப்பதிவும் ஒரே கையில் இருப்பதால்தான், ஆயர் சம்மதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. அவர் மனம் மாறினாலும் அந்த ரிஜிஸ்டரில் உங்கள் இருவர் பெயரையும் எழுத முடியாது. அந்தச் சட்டம் ஆண், பெண் என்றே பேசுகிறது.

நாளைக்குப் பாராளுமன்றம் சட்டத்தை மாற்றினாலும் ஆலயத்தில் நடத்தச் சொல்லி சபையைக் கட்டாயப்படுத்த முடியாது. தன் மத காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 26ஆவது பிரிவு சபைக்குத் தருகிறது. இங்கிலாந்தில் அரசுக்கென்றே ஒரு சபை இருக்கிறது. 2014 முதல் அங்கே தன்பாலினத் திருமணம் நடக்கிறது, ஆனால் அந்தச் சபையின் ஆலயங்களில் நடத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. டென்மார்க்கிலும் அரசு சபைதான். அங்கே 2012 முதல் ஆலயத்திலேயே நடத்துகிறார்கள், மனம் ஒப்பாத போதகர் விலகிக்கொள்ளலாம். சபையும் அரசும் பிரிந்திருந்தால் திருமணம் தானாகக் கிடைத்துவிடும் என்றில்லை. சபையின் விதியைக் காட்டி அரசு உங்களை மறுக்கக் கூடாது, அவ்வளவுதான் அந்தப் பிரிவினை தருவது.

அப்படியானால் அரசு ஏன் மறுக்கிறது? மதம் கேட்காமல் திருமணம் செய்துவைக்கத்தான் 1954இல் சிறப்புத் திருமணச் சட்டம் வந்தது. அதில் ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18 என்று இருக்கிறது, அதாவது ஆண் பெண் ஜோடியை நினைத்தே எழுதியிருக்கிறது. தன்பாலினத் திருமணம் கேட்டுப் போட்ட வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், திருமணம் அடிப்படை உரிமை அல்ல, சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை என்றார்கள். மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. மதச் சட்டங்களைத் தொடாமல்தான் நீதிமன்றம் இந்த முடிவுக்கு வந்தது. மதத்துக்கு வெளியே திறந்த கதவு உங்களுக்கு மட்டும் மூடியிருப்பது அநியாயம் என்பதே என் கருத்து.

நம் ஊரில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த சட்டம் அவற்றைச் செல்லுபடியாக்கியது. அதற்கு முன்பே நடந்தவையும் செல்லும் என்றது. அதுவரை எத்தனை தம்பதிகள் சட்டத்தின் கணக்கில் தம்பதிகளாக இல்லாமலே பிள்ளை பெற்று வளர்த்திருப்பார்கள்! அந்தச் சட்டம் இந்துக்களுக்கு, அதுவும் ஆண் பெண் ஜோடிக்கு மட்டும் என்பதால் உங்களுக்கு உதவாது. ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன்: ஒருவர் திருநங்கையாகவும் மற்றவர் ஆணாகவும் இருந்தால் பதிவு செய்யலாம். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்படித் தீர்ப்பளித்தது.

சரி, இனி காகிதங்கள். முத்திரைத் தாளில் 'திருமண ஒப்பந்தம்' எழுதித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது திருமணம் ஆகாது.

முதல் வேலை உயில். உங்கள் தோழி உயில் எழுதாமல் இறந்தால், வாரிசுரிமைச் சட்டப்படி வீடும் தோட்டமும் அவர் அம்மாவுக்கும் தம்பிக்கும் சமபங்காகப் போகும். உங்களுக்கு ஒரு செடி கூட வராது. உயிலை வெள்ளைத் தாளிலேயே எழுதலாம். அவர் கையெழுத்துப் போடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சாட்சியாக நீங்கள் கையெழுத்துப் போடவே கூடாது. போட்டால் உயில் நிற்கும், உங்களுக்கு எழுதிய சொத்து மட்டும் செல்லாமல் போகும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் தம்பியை நினைத்துப் பதிவு செய்துவிடுங்கள். உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதலாம் என்றால், குடும்பத்தாருக்கு உள்ள முத்திரைத் தீர்வைச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. செலவு அதிகம்.

அடுத்தது ஆஸ்பத்திரி. என்னிடம் வந்த ஒரு பெண், சேர்ந்து வாழ்ந்த தோழியை இரவில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். படிவத்தில் 'நோயாளிக்கு உறவு' என்ற கட்டம் வந்ததும் நர்ஸின் பேனா நின்றுவிட்டது. கடைசியில் 'பக்கத்து வீடு' என்று எழுதினார்கள். பதினாறு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் அவர்கள். அதனால், அவசரத்தில் அழைக்க வேண்டியவர் இவரே, விவரங்களை இவரிடம் சொல்லலாம் என்று இருவரும் ஒருவருக்கொருவர் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வையுங்கள். மருத்துவமனை அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்றில்லை, ஆனால் அந்த நேரத்தில் காட்ட ஒரு தாள் இருக்கும். தேறவே முடியாத நிலை வந்தால் உயிர்காப்புச் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே சொல்லும் முன் உத்தரவையும் எழுதலாம். 2023இல் உச்ச நீதிமன்றம் இதை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், அப்புறம் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும்.

வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம். தடை இல்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகமே தெளிவுபடுத்தியது. ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, உரிமையாளர் ஆகமாட்டார். கணக்கில் உள்ள பணத்தையும் உயிலில் சேருங்கள். உங்களைப் போன்றவர்களை ஒரே குடும்பமாகக் கருதி ரேஷன் கார்டு தரும்படியும் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தம்பி மிரட்டினால் பயப்படாதீர்கள். இத்தகைய ஜோடிகளைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. 2025 மே மாதம், வீட்டார் அடைத்துவைத்த 25 வயதுப் பெண்ணை விடுவித்தபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் சொன்னது. இரண்டு உத்தரவுகளின் நகலையும் உயிலோடு ஒரே கவரில் போட்டு, தம்பி கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.