பழைய கிளாசிக் படங்களின் டிஸ்க்குகள் சந்தையிலிருந்து மறைவதற்குள் வாங்கிச் சேர்த்துவிட வேண்டுமா? எதை முதலில் வாங்குவது?

வேண்டுமா என்றால், வேண்டும். எல்லாவற்றையுமா என்றால், வேண்டவே வேண்டாம்.

டிஸ்க் சேர்க்க ஆரம்பித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. முதல் பத்து வருடம் நான் வாங்கியது படங்களை. அதற்குப் பிறகுதான் பதிப்புகளை வாங்கக் கற்றுக்கொண்டேன். அந்த வித்தியாசம் பிடிபட்டால் உங்கள் பட்டியல் தானாகவே பாதியாகிவிடும்.

ஒரு டிஸ்க் ஏன் 'அவுட் ஆஃப் பிரிண்ட்' ஆகிறது, அதாவது அச்சடிப்பது ஏன் நின்றுபோகிறது என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் அடங்கும். கிளாசிக் படங்களை அழகான பெட்டியில் போட்டு விற்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் அந்தப் படங்களுக்குச் சொந்தக்காரர்கள் அல்ல, வாடகைக்குக் குடியிருப்பவர்கள். ஒப்பந்தம் சில வருடங்களுக்குத்தான். முடிந்ததும் வீட்டுக்காரர் புதுப்பித்துக் கொடுக்கலாம்; இல்லையென்றால் 'நானே குடிவரப் போகிறேன், காலி பண்ணுங்கள்' என்று சொல்லலாம். 2010 வாக்கில், இப்படி டிஸ்க் வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியனுக்கு நடந்தது இரண்டாவது. ஸ்டூடியோகனால் (Studiocanal) என்ற பிரெஞ்சு நிறுவனம் தன் படங்களின் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது ஒரு கட்டுப் படங்கள் மொத்தமாகப் பட்டியலிலிருந்து போயின. பெட்டியின் முதுகில் '1' என்ற எண்ணோடு வந்த, பிரெஞ்சு இயக்குநர் ரெனுவாரின் 'கிராண்ட் இல்யூஷன்' கூடப் போனது. எண் வரிசையில் அடுக்கி வைத்து அழகு பார்ப்பவனுக்கு ஒன்றாம் எண்ணே இல்லை என்றால் எப்படியிருக்கும்!

அந்தச் செய்தியைப் படித்த ராத்திரியே 'தி தேர்ட் மேன்' ப்ளூ-ரேயை வாங்கினேன். 2008 கடைசியில் கிரைட்டீரியன் முதன்முதலாக இறக்கிய ப்ளூ-ரேக்களில் அதுவும் ஒன்று. அதற்குள் விலை ஏறியிருந்தது; பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். பிற்பாடு அதே படம் வேறு நிறுவனங்களிலிருந்து புதுப்பிக்கப்பட்டு, என்னிடம் இருப்பதைவிடத் தெளிவான படத்தோடு வந்தது. ஆனாலும் பழையதை நான் விற்கவில்லை. இயக்குநர்கள் ஸ்டீவன் சோடர்பெர்க்கும் டோனி கில்ராயும் சேர்ந்து உட்கார்ந்து படம் முழுக்கப் பேசும் கமென்ட்ரி அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. வியன்னாவின் சாக்கடைக்குள் ஆர்சன் வெல்ஸ் ஓடும் இடம் வரும்போதெல்லாம் எனக்கு இப்போது படத்தின் ஒலியோடு அவர்கள் குரலும் சேர்ந்தே கேட்கிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் என்னிடம் உண்டு. சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றும் டிவிடியில் கிடைக்காமல் போகிற நேரம். எங்கெங்கோ தேடி, பழைய டிவிடிகளைப் பிடித்துவிட்டேன். தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்தது. துர்காவும் அபுவும் ரயில் பார்க்க ஓடும் காட்சியில் நாணல் பூவா, ஃபிலிம் கீறலா என்று பிரித்தறிய முடியாது. கிடைத்ததே பெரிது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தப் படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993-ல் லண்டனில் ஒரு ஃபிலிம் லேபில் நடந்த தீவிபத்தில் கருகிவிட்டன என்பதால், இதற்கு மேல் நல்ல பிரதி வராது என்றும் நினைத்தேன். ஆனால் கருகிய சுருள்களைத் தூக்கி எறியாமல் பாதுகாத்து வைத்திருந்தார்கள். முதல் இரண்டு படங்களின் நெகட்டிவில் மீந்த பகுதிகளை இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் கையாலேயே செப்பனிட்டு, மீதியை வேறு நல்ல பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்து, 2015-ல் மூன்றும் புதிதாக வந்தன. போட்டுப் பார்த்த முதல் பத்து நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. குளத்தில் ஓடும் பூச்சியின் கால் தடம் கூடத் தெரிகிறது. நான் அலைந்து வாங்கிய டிவிடி இப்போது எதற்கும் உதவாது.

ஆக, வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது: இந்த டிஸ்க்கில் இருப்பதில் எது திரும்பி வராது? படம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், அதுவும் நல்ல துணி உடுத்திக்கொண்டு வரும். அதன் கூட வந்தவை வராமல் போகும்: கமென்ட்ரி, பேட்டிகள், சிறு புத்தகம், பழைய ஒலிக்கலவை, சில நேரம் படத்தின் நிறமே கூட.

நிறம் என்றதும் ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாய் ஞாபகம் வருகிறார். தன் ஏழு படங்களை 4கே என்ற மிக நுணுக்கமான தரத்தில் புதுப்பித்து 2021-ல் ஒரே பெட்டியாக வெளியிட்டார். புதுப்பித்தார் என்பதைவிட மாற்றி வரைந்தார் எனலாம். நிறங்கள் மாறின, 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்தின் சட்டகமே மேலும் கீழும் வெட்டப்பட்டு அகலத்திரையானது. இயக்குநரே செய்தது, அவர் படம், அவர் உரிமை. ஆனால் தொண்ணூறுகளில் திரையரங்கில் ஓடிய படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய டிஸ்க்கைத்தான் தேட வேண்டும். 'ஸ்டார் வார்ஸ்' கதையும் தெரிந்ததுதான். 1997-ல் ஜார்ஜ் லூகாஸ் திருத்துவதற்கு முன்னால் இருந்த வடிவம் 2006-ல் டிவிடியில் கூடுதல் டிஸ்க்காக வந்தது, அதுவும் 1993-ன் லேசர் டிஸ்க்குக்காக (டிவிடிக்கு முந்தைய பெரிய வீடியோத் தட்டு) தயாரித்த பிரதியிலிருந்து. படத்தின் தரம் சுமார்தான். இருந்தாலும் 2011-ல் வந்த ப்ளூ-ரேயில் திருத்திய வடிவம் மட்டுமே இருந்ததால், அந்தச் சுமாரான டிஸ்க்கைத் தேடுகிறவர்கள் குறையவில்லை.

'புதுசு என்றால் நல்லது' என்பதும் எப்போதும் சரியல்ல. 2010-ல் வந்த 'பிரிடேட்டர்' ப்ளூ-ரேயில் ஃபிலிமுக்கே உரிய மணல் மணலான துகளைக் கணினி வைத்துத் துடைத்துத் தள்ளிவிட்டார்கள். துகளோடு தோலின் ரேகைகளும் போய், அர்னால்டின் முகம் மெழுகு பொம்மை போலாகிவிட்டது. அதற்கு முந்தைய, சொரசொரப்பான ப்ளூ-ரே வைத்திருந்தவர்கள் நமட்டுச் சிரிப்பு சிரித்தார்கள்.

எதை முதலில் வாங்குவது என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால், உரிமைச் சிக்கலில் மாட்டிய படங்களை. இந்தச் சிக்கல் சில நேரம் சிரிப்பாகவே இருக்கும். எலைன் மே இயக்கிய 1972-ன் 'தி ஹார்ட்பிரேக் கிட்' படத்தைத் தயாரித்த பலோமர் நிறுவனம் அப்போது ஒரு மருந்துக் கம்பெனியின் கையில் இருந்தது. அப்படியே படத்தின் உரிமை பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப்பிடம் போய்ச் சேர்ந்தது. மாத்திரை விற்கிறவர்களுக்கு ஐம்பது வருடப் பழைய நகைச்சுவைப் படத்தை டிஸ்க் போட்டு விற்பதில் என்ன அக்கறை இருக்கும்? பல வருடங்களாக ரசிகர்களுக்குப் பழைய டிவிடிதான் கதியாக இருந்தது. இந்த மாதிரிப் படத்தின் டிஸ்க் கண்ணில் பட்டால் யோசிக்க வேண்டாம். அடுத்தது, எண்ணி அச்சடிக்கும் சிறிய நிறுவனங்களின் வெளியீடுகள். ட்வைலைட் டைம் என்று ஒரு நிறுவனம் 2011-லிருந்து பெரும்பாலும் படத்துக்கு 3,000 பிரதி என்று கணக்கு வைத்து வெளியிட்டது, 2020-ல் மூடிவிட்டார்கள். 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று நான் விட்டதில் இரண்டு இன்னும் உறுத்துகிறது. பெரிய ஸ்டூடியோக்களின் புகழ்பெற்ற படங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அதே படத்தை நமக்கு நாலு தரம் விற்காமல் ஓய மாட்டார்கள்.

இனி, எனக்கு நடந்த ஒரு அசட்டுத்தனம். ஒரு பழைய கருப்பு-வெள்ளைப் படம், இரண்டு டிவிடி கொண்ட பெட்டி, சீல் பிரிக்காதது. கிடைத்த சந்தோஷத்தில் சீலைப் பிரிக்காமலே ஒன்பது வருடம் அலமாரியில் வைத்திருந்தேன். மதிப்பு ஏறும் என்று யாரோ சொன்னதையும் நம்பினேன். ஒரு நாள் பிரித்துப் போட்டால் சரியாகப் பாதிப் படத்தில், ஒரு கதாபாத்திரம் கதவைத் திறக்கும் நேரத்தில், உறைந்து நின்றது. டிஸ்க்கை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். விளிம்பில் காப்பிக் கறை போல ஒரு பழுப்பு வளையம். அதற்குள் ஊசி குத்தினாற்போலப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். ஒரு கீறல் கிடையாது, விரல்ரேகை கூடக் கிடையாது. விற்றவரிடம் கேட்கலாமென்றால் ஒன்பது வருடம் கழித்து எந்த முகத்தோடு கேட்பது!

டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தட்டுகளைப் பசை போட்டு ஒட்டியது. பசை சரியில்லையென்றால் காற்று உள்ளே போய், பிரதிபலிக்கும் உலோகப் பூச்சை அரிக்க ஆரம்பிக்கும். இரண்டடுக்கு டிஸ்க்கில் ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடம் படத்தின் நடுவாக்கில் வரும். அரித்த டிஸ்க் அங்கே வந்துதான் பெரும்பாலும் மூச்சை விடும். எல்லா டிஸ்க்கும் இப்படி ஆவதில்லை. என் முதல் டிவிடி இன்றைக்கும் கல்லு மாதிரி ஓடுகிறது. ஆனால் வாங்கின வாரமே சீலைப் பிரித்து, முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சீலோடு இருப்பது பெருமையே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

போலியிலும் ஏமாற வேண்டாம். அவுட் ஆஃப் பிரிண்ட் ஆன டிஸ்க்குக்குத்தான் போலி அதிகம். அடிப்பக்கம் ஊதா சாயல் அடித்தால் அது ஆலையில் அச்சடித்ததல்ல, எழுதக்கூடிய டிவிடி-ஆர். ஆனால் ஊதா என்றாலே போலி என்றும் முடிவுகட்டக் கூடாது. வார்னர் ஸ்டூடியோவின் பழைய படங்களை விற்கும் வார்னர் ஆர்க்கைவ் 2009-ல் தொடங்கியபோது கேட்பவருக்கு மட்டும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தது. அது அசல்தான், சாயத்தில் எழுதியது என்பதால் ஆயுளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அந்த வரிசையில் ப்ளூ-ரே கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வேறு வட்டாரத்து டிஸ்க் வாங்கும்போது இரண்டு விஷயம். டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் வட்டாரப் பூட்டு உண்டு. 4கே டிஸ்க்குக்கு இல்லை. பழைய ஐரோப்பிய டிவிடி என்றால் அங்கத்திய தொலைக்காட்சிக்கான பால் (PAL) முறை (கறக்கிற பால் அல்ல); நொடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய படத்தை 25-ஆக ஓட்டும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். பேச்சுப் படத்தில் பலருக்குத் தெரியாது. பாட்டுப் படத்தில் காது உள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஸ்ட்ரீமிங்கில் 'வாங்கி' வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். 2022-ல் ஜெர்மனி, ஆஸ்திரியாவில் பிளேஸ்டேஷன் கடையில் ஸ்டூடியோகனால் படங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அவற்றை எடுத்துவிட்டார்கள். அதுவும் உரிமை ஒப்பந்தக் கதைதான். அலமாரியில் இருக்கும் என் 'தேர்ட் மேன்' டிஸ்க்கை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை.

டிஸ்க்கை மட்டும் சேர்த்துவிட்டுப் பிளேயரை மறந்துவிடாதீர்கள். உலகத்தின் கடைசி வீடியோ கேசட் ரெக்கார்டரை ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-ல் தயாரித்து நிறுத்தியது. ப்ளூ-ரே பிளேயரிலும், உயர்தரப் பிளேயர் செய்துகொண்டிருந்த ஒப்போ நிறுவனம் 2018-ல் விலகிவிட்டது. நல்ல பிளேயர் ஒன்று கிடைக்கும்போதே இரண்டாவதாக ஒன்றை வாங்கி வைத்தவன் நான். வீட்டில் அதற்கு வாங்கிய வசவு தனிக்கதை.

இவ்வளவு நிதானம் பேசுகிறேனே என்று நினைக்க வேண்டாம். 1991-ல் கிரைட்டீரியன் முதல் மூன்று ஜேம்ஸ் பாண்ட் படங்களை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டது. அதிலிருந்த கமென்ட்ரியில் படக்குழுவினர் கொஞ்சம் அதிகமாகவே மனம் திறந்து பேசிவிட்டார்கள். தயாரிப்பாளர் தரப்பு ஆட்சேபிக்க, டிஸ்க்குகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் விற்றுப்போனவை மட்டும் வெளியே தங்கின. அதில் ஒன்று, 'கோல்ட்ஃபிங்கர்', போன மாதம் என் கண்ணில் பட்டது. லேசர் டிஸ்க் பிளேயரை நான் வாழ்க்கையில் தொட்டது கூட இல்லை. டிஸ்க் வந்து சேர்ந்துவிட்டது. இப்போது பிளேயர் தேடிக்கொண்டிருக்கிறேன்.