ஆமைத் தொட்டிக்கு எந்த ஃபில்டர்?

கேள்வி: செந்தூலில் அடுக்குமாடி வீடு. மூன்றடித் தொட்டியில் ஒரு சிவப்புக் காது ஆமை. ஓடு 15 சென்டிமீட்டர். தண்ணீர் பாதி அளவுதான். உள்ளே சின்ன ஃபில்டர் ஓடியும், தண்ணீர் மாற்றிய மூன்றாம் நாளே நாறுகிறது. தொட்டிக்கு வெளியே வைத்துக் குழாய் வழியே தண்ணீரை இழுத்து வடிகட்டும் கேனிஸ்டர் ஃபில்டரை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள். கடைக்காரர் சொன்னார் என்பதற்காக அல்ல, உங்கள் ஆமை தின்பதும் கழிப்பதும் அதே தண்ணீரில்தான் என்பதற்காக. உள்ளே போடும் ஃபில்டரில் இருக்கும் கையளவு பஞ்சு அதற்குத் தாங்காது.

90×45×45 சென்டிமீட்டர் தொட்டியில் பாதி என்றால் ஏறக்குறைய 90 லிட்டர். பெட்டியில் '100 லிட்டருக்கு' என்று போட்டிருப்பது மீனுக்கான கணக்கு. ஆமைக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். 200 முதல் 300 லிட்டர் வரை குறித்ததைப் பாருங்கள். மணிக்கு எத்தனை லிட்டர் இறைக்கும் என்பதைவிட உள்ளே எவ்வளவு பஞ்சும் பீங்கான் வளையமும் பிடிக்கும் என்று பாருங்கள். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியிருப்பது அவற்றில்தான். அவை பெருகவே நாலைந்து வாரம் ஆகும். அதுவரை தண்ணீரை அடிக்கடி மாற்றத்தான் வேண்டும். கரிப் பை கொஞ்ச நாள் நாற்றத்தை அடக்கும், அவ்வளவுதான். அந்தக் காசுக்கு வளையம் வாங்கலாம்.

கேனிஸ்டர் விலை கையைக் கடித்தால், தொட்டிமேல் வைக்கும் மேல் ஃபில்டரும் மோசமில்லை. பஞ்சை எடுத்து அலசுவது சுலபம். பின்பக்கம் தொங்கவிடும் வகை மட்டும் வேண்டாம். பாதித் தண்ணீரில் அது சரியாக இழுக்காது.

கேனிஸ்டரைத் தொட்டிக்குக் கீழேதான் வைக்க வேண்டும். உறிஞ்சும் குழாயின் வாய் தொட்டியின் அடித்தரையை ஒட்டி இருக்கட்டும். ரப்பர் பிடிகளை ஆமை இழுத்துப் பிடுங்கும், அடிக்கடி பாருங்கள். அடியில் கூழாங்கல் பரப்பியிருந்தால் அள்ளி வெளியே போடுங்கள், பாதி அழுக்கு அங்கேதான் தங்கும்.

எந்த ஃபில்டர் வந்தாலும் வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். வளையங்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும். கரண்ட் பல மணி நேரம் போயிருந்தால் கேனிஸ்டரை அப்படியே ஓட்டாதீர்கள், உள்ளே அழுகிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். தண்ணீர்த் தடை முடிந்து முதலில் வரும் கலங்கலும் தொட்டிக்கு ஆகாது.

கழுவும் வேலையெல்லாம் குளியலறையில் வைத்துக்கொள்ளுங்கள், சமையலறை சிங்க்கில் அல்ல. ஆமை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அதனிடம் சால்மோனெல்லா இருக்கலாம்.