பக்கவாதத்துக்குப் பிறகு 5 கி.மீ. நன்கொடை நடை: முதலில் 10 மீட்டரை அளந்து பாருங்கள்

கேள்வி: "பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. கைத்தடியோடு நடக்கிறேன். நான்கு மாதத்தில் 5 கி.மீ. நன்கொடை நடை வருகிறது. பெயர் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். ஆனால் தூரத்தை இப்போதே யாரிடமும் சொல்லாதீர்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை வாங்குவதும் வேண்டாம். கால் "போதும்" என்று சொல்லும் இடத்தில் அந்தக் கணக்கு உங்களை நிற்க விடாது.

கைத்தடி, கணுக்கால் பட்டை என்று வழக்கமாகப் போடுவதெல்லாம் போட்டுக்கொண்டு, சமதளத்தில் 14 மீட்டர் நடங்கள். முதல் 2 மீட்டரையும் கடைசி 2 மீட்டரையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள 10 மீட்டருக்கு மட்டும் ஒருவர் நேரம் பார்க்கட்டும். 12.5 விநாடி என்றால் விநாடிக்கு 0.8 மீட்டர், வெளியில் தாராளமாக நடமாட இந்த வேகம் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். இதே வேகத்தில் 5 கி.மீ.க்கு 1 மணி 44 நிமிடம். 20 விநாடி என்றால் 2 மணி 47 நிமிடம், உட்காரும் நேரம் தனி. பாதையை எப்போது மூடுவார்கள் என்று அமைப்பாளரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். 1 கி.மீ.யா, 2 கி.மீ.யா, முழுவதுமா என்பதற்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பயிற்சியில் பலர் மூச்சை மட்டும் கவனிக்கிறார்கள். பக்கவாத நடையில் மூச்சுக்கு முன்னால் கால் தோற்றுவிடும். பாதத்தைத் தூக்கும் தசை களைத்தால் பெருவிரல் தரையைத் தேய்க்கும், அதைத் தவிர்க்க இடுப்பைத் தூக்கிக் காலை வட்டமாக வீசுவீர்கள், முழங்கால் பின்பக்கமாகப் பூட்டிக்கொள்ளும். இதில் முதலில் தெரிவது செருப்பின் சத்தம்தான். 'சர்' என்று தேய்ந்தாலோ 'பட்' என்று பாதம் அறைந்தாலோ அந்தச் சுற்று முடிந்தது, உட்காருங்கள். அதற்கு மேல் நடப்பது பயிற்சி இல்லை. கோணல் நடையைப் பழக்குவதும், விழ இடம் கொடுப்பதும்தான்.

3 நிமிடம் நடை, 2 நிமிடம் உட்கார்தல், இப்படி 5 சுற்று என்று தொடங்கி வாரம் 4 நாள் செய்யலாம். நடக்கும் நேரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) மாத்திரை போடுபவர்கள் நாடித்துடிப்பை நம்ப வேண்டாம்; சிரமப்படும் அளவுக்கு அது ஏறாமல் ஏமாற்றும்.

"டாக்டரைக் கேட்காமல் இதையெல்லாம் சொல்லலாமா?" என்று யாராவது வருவார்கள். கேட்கத்தான் வேண்டும், குறிப்பாக மூன்று விஷயங்கள். ஒன்று, உங்களுக்கு எந்த இரத்த அழுத்தத்துக்கு மேல் நடக்கக் கூடாது. இரண்டு, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தால், விழுந்து தலையில் அடிபட்டவுடன் வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது உடன் வருபவருக்குத் தெரியுமா. மூன்று, கால் இறுக்கத்துக்கு போட்டாக்ஸ் ஊசி போடுகிறீர்கள் என்றால் தேதி. அதன் பலன் சுமார் மூன்று மாதத்தில் தேயும். நடைக்குச் சற்று முன்னால் புதிதாகப் போட்டாலோ, இறுக்கத்தை நம்பி நின்ற கால் திடீரென்று தளர்ந்து நடையே மாறலாம்.

கைத்தடி நல்ல கையில்தான். நேராக நிற்கும்போது கைப்பிடி மணிக்கட்டு ரேகை உயரத்துக்கு வர வேண்டும். அடி ரப்பர் வழவழப்பாகிவிட்டால் மாற்றுங்கள். கணுக்கால் பட்டையைக் கழற்றி அரை மணி நேரம் கழித்தும் தோல் சிவந்தே இருந்தால், அந்த விளிம்பைச் சரிசெய்யாமல் தூரத்தைக் கூட்டாதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வலிக்காது; கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

சாலை ஓரச் சரிவை யாரும் யோசிப்பதில்லை. பாதித்த கால் மேட்டுப் பக்கம் இருந்தால் விரல் தட்டும். பள்ளப் பக்கம் இருந்தால் கணுக்கால் வெளிப்புறம் புரளும். வண்டிப் போக்குவரத்தைத் தடுத்திருந்தால் நடுச்சாலைதான் உங்களுக்கு. கூட்டம் கிளம்பிய பிறகு கிளம்புங்கள். துணைக்கு வருபவர் பாதித்த பக்கம் அரை அடி பின்னால் வரட்டும். தடுமாறினால் இடுப்புப் பட்டையைப் பிடிக்கட்டும். பாதித்த கையைப் பிடித்து இழுத்தால் தளர்ந்த தோள்பட்டை நழுவும். பேச்சுக் கொடுத்தால் நடை கெடுகிற ஆளா நீங்கள்? அதையும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். கழிவறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் வழியில் நீட்டுவதை வாங்கி நடந்துகொண்டே குடிக்கக் கூடாது; உட்கார்ந்து, உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறையில்தான்.

கேட்காத ஒன்று. இம்மாதிரி நிகழ்ச்சிகளில் பேச்சு பாதித்தவரின் வாயருகே மைக்கை நீட்டி "தன்னம்பிக்கை பற்றி இரண்டு வார்த்தை" என்பார்கள். வார்த்தை வர அரை நிமிடம் ஆகும் என்று தெரியாமல் அடுத்த நொடியே அவர்களே பேசி முடிப்பார்கள், கைதட்டலும் வாங்குவார்கள். இதைச் செய்பவர்கள் மேடைக்கு ஒரு சாய்தளம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்; பெரும்பாலும் இருக்காது. வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

நடைக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், அசதி அப்படி இருக்கும். ஆனால் முகம் ஒரு பக்கம் கோணுவது, கை புதிதாகத் துவள்வது, பேச்சு குழறுவது அசதி இல்லை. தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்காமல் உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தீர்கள் என்பதை உடனிருப்பவர் குறித்து வைத்திருக்க வேண்டும்.