ப்ளஸ் ஆர் மைனஸ் எங்க? – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில குவாலிட்டி செக்ஷன்ல இருக்கேன். பொண்ணு ஏழாவது படிக்கிறா. நைட்டு சாப்பிட்டதும் உங்க சயின்ஸ் கட்டுரைய அவளுக்கு படிச்சு காட்டுறது வழக்கம். போன வாரம் குடும்ப க்ரூப்ல "காக்காவுக்கு எண்ணத் தெரியும், விஞ்ஞானிகள் நிரூபிச்சாச்சு"ன்னு ஒரு ஃபார்வேர்ட் வந்துச்சு, இவ குதிச்சா பாருங்க ஒரு குதி. என் தம்பி பக்கத்துல இருந்துட்டு "எல்லாம் கப்சா, வேற கிரகத்துல உயிர் இருக்குன்னாங்க, அப்புறம் இல்லன்னாங்க, வெளிச்சத்த விட வேகமா ஏதோ போகுதுன்னாங்க, அதுவும் புஸ்ஸுன்னு போச்சு, இன்னைக்கு ஒண்ணு சொல்வாங்க நாளைக்கு ஒண்ணு சொல்வாங்க"ன்னு முடிச்சுட்டான். பொண்ணு முகம் வாடிப்போச்சு. எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. எதைத்தான் நம்பறது சார்?

அவளோட கேள்வி ஒண்ணு தனியா இருக்கு. மொட்ட மாடில நாங்க வைக்கிற காஞ்ச ரொட்டித் துண்ட காக்கா ஏன் பக்கெட் தண்ணில நனைச்சு சாப்பிடுது?

(பேர் போட வேண்டாம் சார்.)

---

அன்புள்ள நண்பருக்கு,

மொதல்ல பொண்ணுகிட்ட சொல்லிடுங்க, காக்கா விஷயம் கப்சா இல்ல. 2024ல ஜெர்மனில ட்யூபிங்கன் யுனிவர்சிட்டில பண்ண வேலை அது, சயின்ஸ் பத்திரிகைல வந்துச்சு. ஆனா ஃபார்வேர்ட்ல வந்த மாதிரி "காக்காவுக்கு எண்ணத் தெரியும்"னு மொட்டையா சொன்னா அதுல இருக்கிற அழகே போயிடும்.

அவங்க என்ன பண்ணாங்கன்னா, மூணு காக்காவுக்கு பழக்கம் குடுத்தாங்க. ஸ்க்ரீன்ல ஒரு குறி வரும், இல்லன்னா ஒரு சத்தம் கேக்கும், அந்தக் குறிக்கு ஒண்ணுன்னு அர்த்தம்னா ஒரு தடவ கத்தணும், நாலுன்னா நாலு தடவ கத்தணும், கத்தி முடிச்சதும் "நான் முடிச்சுட்டேன்"னு ஒரு இடத்துல கொத்தணும், நாம கம்ப்யூட்டர்ல என்டர் தட்டுற மாதிரி. சரியா பண்ணா தீனி. மூணு காக்காவும் கத்துக்கிச்சு. எண்ணிக்கை ஏற ஏற தப்பும் ஏறுச்சு, அதையும் அவங்க மறைக்காம எழுதியிருக்காங்க. எனக்கு உடம்பு சிலிர்த்தது அடுத்த விஷயத்துல. காக்கா போடுற மொத கத்தலோட சத்தத்த மட்டும் ஆராய்ஞ்சு பாத்தா, இது மொத்தம் எத்தன தடவ கத்தப்போகுதுன்னு ஓரளவு முன்னாடியே சொல்ல முடிஞ்சிருக்கு! அதாவது வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே "மூணு கத்தணும்"னு உள்ள ஒரு திட்டம் ஓடுது. மேடைல பேசப்போறவர் மூச்ச இழுக்கிற விதத்த வச்சே இவர் நீளமா பேசப்போறார்னு நமக்கு தோணும்ல, கிட்டத்தட்ட அது மாதிரி.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. காக்கா மொத்தம் மூணு. இனமும் ஐரோப்பாவுல இருக்கிற முழுக் கறுப்பு காக்கா, நம்ம மொட்ட மாடிக்கு வர்ற சாம்பல் கழுத்துக்காரரு வேற இனம், ஒரே குடும்பம். எண்ணிக்கை ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் தான். இந்த எல்லைய எல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு தான் ஃபார்வேர்ட் வருது.

நீங்க குவாலிட்டில இருக்கீங்க, அதனால உங்க பாஷைலயே சொல்றேன். ஒரு டிராயிங் வருது, ஷாஃப்ட் விட்டம் 25 மில்லின்னு மட்டும் போட்டிருக்கு, டாலரன்ஸ், அதாவது எவ்வளவு கூடலாம் கொறையலாம்ங்கிற ப்ளஸ் ஆர் மைனஸ், போடல. நீங்க அந்த ஜாப பாஸ் பண்ணுவீங்களா? "ப்ளஸ் ஆர் மைனஸ் எங்கப்பா"ன்னு தான கேப்பீங்க? சயின்ஸ் செய்தியும் அப்படித்தான். லேப்லேர்ந்து கெளம்பும்போது டாலரன்ஸோட தான் கெளம்புது. பத்திரிகைக்கு வந்து, டிவிக்கு வந்து, க்ரூப்புக்கு வர்றதுக்குள்ள அந்த ப்ளஸ் ஆர் மைனஸ் எங்கயோ வழியில விழுந்துடுது, அப்புறம் உங்க தம்பி கைக்கு வெறும் 25 தான் கிடைக்குது, நாளைக்கு 25.02ன்னு வந்தா அவருக்கு ஏமாத்திட்டாங்கன்னு கோவம் வரும், அது அவர் தப்பு இல்ல.

அவர் சொன்ன ரெண்டு உதாரணத்தையே எடுத்துக்குவோம். வெளிச்சத்த விட வேகமா போகுதுன்னு சொன்னது நியூட்ரினோங்கிற ரொம்பச் சின்ன துகள. 2011 செப்டம்பர்ல ஓபெரான்னு ஒரு குழு சொன்னாங்க, ஸ்விட்சர்லாந்து செர்ன் ஆராய்ச்சிக் கூடத்துலேர்ந்து இத்தாலில க்ரான் சாஸ்ஸோ ஆராய்ச்சிக் கூடம் வரைக்கும் சுமார் 730 கிலோமீட்டர், பூமிக்குள்ளயே போகுது, வெளிச்சம் வரவேண்டிய நேரத்த விட ஒரு 60 நானோசெகண்ட் முன்னாடி வந்துடுதுன்னு. ஐன்ஸ்டீன் கதை முடிஞ்சுதுன்னு பேப்பர் எல்லாம் கத்துச்சு. ஆனா அந்தக் குழு சொன்னது வேற, "நாங்க மாசக்கணக்கா தேடிட்டோம், தப்பு எங்கன்னு எங்களுக்கு கிடைக்கல, நீங்களும் வந்து பாருங்க"ன்னு. அடுத்த வருஷம் கண்டுபிடிச்சாங்க, ஒரு ஆப்டிகல் ஃபைபர் கேபிள் கனெக்டர் சரியா முறுக்காம லூஸா இருந்திருக்கு, அதுல நேரக் கணக்கு தப்பாயிருக்கு. மைக்ரோமீட்டர்ல ஜீரோ எரர் பாக்காம ஷிஃப்ட் முழுக்க அளந்துட்டு சாயங்காலம் கண்டுபிடிச்சா எப்படி இருக்கும், அந்த வயித்தெரிச்சல் உங்களுக்கு தெரியும். ஆனா அதைக் கண்டுபிடிச்சு ஊரறிய சொன்னதும் அவங்களே தான். இத "புஸ்ஸுன்னு போச்சு"ன்னு சொல்ல எனக்கு மனசு வரல. இன்ஸ்பெக்ஷன் வேலை செஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

ரெண்டாவது அந்த கிரகம், கே2-18பி. 124 ஒளியாண்டு தூரம். கேம்பிரிட்ஜ்ல இருக்கிற இந்தியாவுலேர்ந்து போன விஞ்ஞானி நிக்கு மதுசூதன் குழு, ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் வச்சு அதோட காத்துல டைமெத்தில் சல்ஃபைடு மாதிரி ஒரு வாயு தெரியுதுன்னு 2025 ஏப்ரல்ல சொன்னாங்க. மெரினாவுல சாயங்காலம் நிக்கும்போது மூக்குல ஏறுதே கடல் வாசனை, அதுல இந்த வாயுவுக்கு பெரிய பங்கு இருக்கு, நம்ம பூமில அத முக்கியமா உண்டாக்குறது கடல்ல மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசிங்க. அதான் எல்லாரும் அப்படி எழுந்து உக்காந்தாங்க. ஆனா அவங்க குடுத்த நம்பிக்கை அளவு மூணு சிக்மா. உங்க கம்பெனில சிக்ஸ் சிக்மா க்ளாஸ் எடுத்திருப்பாங்க, அதே சிக்மா தான். மூணு சிக்மான்னா இது சும்மா தற்செயலா வர்றதுக்கு 0.3 சதவீதம் வாய்ப்பு. கேக்க பிரமாதமா இருக்கும், ஆனா இந்த மாதிரி விஷயத்துல அஞ்சு சிக்மா வந்தாத்தான் கண்டுபிடிப்புன்னே ஒத்துக்குவாங்க. அவங்களே அத சொல்லித்தான் பேப்பர் போட்டாங்க. மத்த குழுக்கள் அதே டேட்டாவ திரும்ப கணக்கு போட்டுட்டு, இவ்வளவு சொல்ற அளவுக்கு இதுல சத்து இல்லன்னு சொல்லியிருக்காங்க. போதாததுக்கு, உயிரே இல்லாத ஒரு வால்நட்சத்திரத்துலயும் இந்த வாயு இருக்குன்னு அதுக்கு முன்னாடியே தெரிய வந்திருந்துச்சு. ஆக "உயிர் இருக்கு"ன்னு யாரும் சொல்லல, "இல்ல"ன்னும் யாரும் சொல்லல. ஜாப் இன்னும் டேபிள் மேல இருக்கு.

இப்ப ப்ளஸ் ஆர் மைனஸ் போட்டு வந்த ஒரு செய்தி சொல்றேன், அதுவும் உங்க வீட்டுக்கு பக்கத்துலேர்ந்து. அதிராம்பாக்கம், பூண்டி ஏரி தாண்டி, அம்பத்தூர்லேர்ந்து பைக்லயே போயிட்டு வந்துடலாம். 1863ல ராபர்ட் ப்ரூஸ் ஃபூட்ங்கிற ஜியாலஜிஸ்ட் மே மாசம் பல்லாவரத்துல ஒரு கல் கோடாலி எடுத்தார், அதே வருஷம் அதிராம்பாக்கத்துலயும் கிடைச்சுது. அதே அதிராம்பாக்கத்துல சாந்தி பப்பு, குமார் அகிலேஷ்னு ரெண்டு தொல்லியல் ஆய்வாளர்கள் வருஷக்கணக்கா தோண்டுனாங்க. அங்க இருக்கிற ரொம்ப பழைய கருவிங்களுக்கு சுமார் 15 லட்சம் வருஷம் வயசுன்னு 2011ல சொன்னாங்க. 2018ல நேச்சர் பத்திரிகைல வந்தது அதுக்கு மேல அடுக்குல இருக்கிற, இன்னும் நுணுக்கமான வகைக் கருவிங்க, அது எப்ப ஆரம்பிச்சுதுன்னா 3,85,000 வருஷம், ப்ளஸ் ஆர் மைனஸ் 64,000. அந்த 64,000த்த பாருங்க! அத போட வெக்கப்படல அவங்க.

எப்படி அளந்தாங்கங்கிறது தான் கதையே. மண்ணுல இருக்கிற மணல் துகள் வெயில்ல கிடந்தா அதுக்குள்ள இருக்கிற கடிகாரம் ஜீரோ ஆயிடும், மேல மண்ணு மூடி இருட்டானதும் சுத்தி இருக்கிற மண்ணோட இயற்கைக் கதிரியக்கத்த கொஞ்சம் கொஞ்சமா உள்ள சேத்து வைக்க ஆரம்பிக்கும். அதனால சாம்பிள வெளிச்சம் படாம எடுக்கணும், ஒரு கணம் வெயில் பட்டாலும் கணக்கு கெட்டுடும், அப்புறம் லேப்ல மங்கல் சிவப்பு வெளிச்சத்துல பிரிச்சு தூண்டி விட்டா, சேத்து வச்சத மெல்லிசா ஒரு வெளிச்சமா திருப்பிக் குடுக்கும். அந்த வெளிச்சத்த அளந்தா இந்த மணல் கடைசியா எப்ப சூரியனப் பாத்துச்சுன்னு தெரிஞ்சுடும். நம்ம திருவள்ளூர் மாவட்டத்து மணல் சார், கட்டடம் கட்ட லோடு லோடா அள்ளிட்டுப் போன அதே மாதிரி மணல், சுமார் 3,85,000 வருஷத்த உள்ள வச்சிருந்திருக்கு.

பூண்டில அரசாங்கத்தோட தொல்பழங்கால அகழ்வைப்பகம் ஒண்ணு இருக்கு, சின்ன எடம் தான், பொண்ண ஒரு லீவு நாள் கூட்டிட்டுப் போங்க. தம்பியையும் ஏத்திக்கிட்டுப் போங்க. அங்க இருக்கிற கல் கோடாலிங்களோட ரெண்டு பக்கமும் செதுக்கின தடம் எப்படி ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்குன்னு நீங்க பாக்கணும், உங்க கண்ணுக்கு மத்தவங்களுக்குத் தெரியாதது தெரியும்.

கடைசியா ரொட்டி. காக்காவுக்கு பல்லு கிடையாது, மெல்ல முடியாது, காஞ்சது தொண்டைல எறங்காது, நனைச்சா மெதுவாயிடும்ங்கிறது தான் சொல்லப்படுற காரணம். எங்க வீட்டு பால்கனில ஏசி தண்ணிக்கு ஒரு பக்கெட் வச்சிருக்கேன், ஒரு காக்கா ரஸ்க் துண்ட கொண்டு வந்து முக்கி எடுத்துச்சு, அலகால அழுத்திப் பாத்துச்சு, திருப்பிப் போட்டு மறுபடி முக்குச்சு, மூணாவது தடவ தான் முழுங்குச்சு. அன்னைக்கே சூடு ஆறின இட்லி வச்சேன், அத நனைக்கல, நேரா தின்னுட்டுப் போச்சு. ஆனா இது ஒரு காக்கா, ஒரு நாள், நான் ஒருத்தன் பாத்தது.

அதனால பொண்ணுகிட்ட இந்த வேலைய குடுங்க. பத்து நாள், காலைல ஒரே நேரத்துல, ஒரு தட்டுல காஞ்ச ரொட்டி, பக்கத்துலயே ஈர ரொட்டி, கொஞ்சம் தள்ளி தண்ணி. எது எத்தன தடவ தண்ணிக்கு போச்சுன்னு நோட்டுல கோடு போட்டு வரட்டும். மழை வந்து ஒரு நாள் விட்டுப் போனா அதையும் எழுதச் சொல்லுங்க. முடிஞ்சதும் எனக்கு அனுப்புங்க, எத்தனைல எத்தனைன்னு கண்டிப்பா இருக்கணும், அவ பேரோட இங்கயே போடுறேன், உங்களுக்கு சம்மதம்னா.