கைத்தொழில் கேள்வி–பதில்: கார்புரேட்டர் கையும் எஃப்.ஐ. வண்டியும்

கேள்வி: தக்கலையில் இருசக்கர வண்டி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வயது 57. கார்புரேட்டர் வண்டி என்றால் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். பி.எஸ்.6 (2020-இல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி வந்தால் கம்பெனி சர்வீசுக்கு அனுப்பிவிடுகிறேன். ஸ்கேனர் வாங்கினால் சமாளிக்கலாமா? வகுப்பு ஏதும் உண்டா?

பதில்: ஸ்கேனர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். வால்வு, கிளட்ச், செயின், பிரேக் எல்லாம் நீங்கள் அறிந்தவைதான். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் மாறியது முக்கியமாக பெட்ரோல் ஊட்டும் முறை; இதைத்தான் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், சுருக்கமாக எஃப்.ஐ. என்கிறார்கள். கார்புரேட்டரில் மிதவையும் ஜெட்டும் செய்த வேலையை பம்ப், இன்ஜெக்டர், சென்சார்கள், ஈ.சி.யு. (எஞ்சினின் மின்னணு மூளை) என்று பங்கு போட்டுச் செய்கின்றன.

ஸ்டார்ட் ஆகாத வண்டி வந்தால் பேட்டரியில் தொடங்குங்கள். சும்மா நிற்கும்போது 12.4 வோல்ட்டாவது காட்ட வேண்டும். செல்ஃப் அமுக்கும்போது 10-க்குக் கீழே இறங்கினால் மேற்கொண்டு எதையும் கழற்ற வேண்டாம், குற்றவாளி பேட்டரிதான். பேட்டரி அடியோடு தீர்ந்தால் பல வண்டிகளில் பழையபடி கிக்கரில் உதைத்துத் தப்பிக்க முடியாது, பம்புக்கும் ஈ.சி.யு.வுக்கும் மின்சாரம் இல்லாமல் எஞ்சின் பிடிக்காது. அடுத்து ஃப்யூஸ். பிறகு சாவியைப் போட்டுக் காதைத் தீட்டுங்கள், இங்கே உங்கள் பழைய வித்தை உதவும்: டேங்குக்குள் பம்ப் இரண்டு மூன்று வினாடி ‘ங்ங்’ என்று ஓடி நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்ப் கனெக்டரில் வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பம்ப் கெட்டது. வராவிட்டால் ரிலே, வயரிங், சாய்வு சென்சார் (வண்டி சாய்ந்தால் எஞ்சினை நிறுத்துவது) என்று பின்னோக்கிப் போக வேண்டும். சத்தம் கேட்டும் பிடிக்கவில்லையா? பெட்ரோல் அழுத்தத்தை கேஜ் போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் 3 பார் அளவில் இருக்கும். பம்ப் ஓடியும் அழுத்தம் குறைந்தால் அடைத்த ஃபில்டரையும் சந்தேகப்படலாம்.

நம் குமரி மாவட்டத்தில் இன்னொன்று முக்கியம். குளச்சல், முட்டம், கன்னியாகுமரிப் பக்கம் கடல் காற்றில் நிற்கும் வண்டிகளில் கனெக்டர் பின்கள் பச்சை பூத்துவிடும். சென்சார் நன்றாகவே இருக்கும், சிக்னல்தான் போகாது. புது சென்சார் வாங்கச் சொல்வதற்கு முன் கனெக்டரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலர்த்தி மாட்டிப் பாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய் இன்னும் வேகமாகப் பூக்கும்.

பழைய பழக்கத்தில் செய்யக் கூடாதவை சில: சாவி போட்டிருக்கும்போது எந்தக் கனெக்டரையும் பிடுங்குவது, எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ‘சார்ஜ் ஏறுதா’ என்று பார்ப்பது (ஈ.சி.யு. எரிவதற்குக் குறுக்கு வழி), பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் செல்ஃப் அடிப்பது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும். த்ராட்டில் பாடியில் (எஞ்சினுக்குப் போகும் காற்றை அளவிடும் பாகம்) பெயின்ட் வைத்து மூடிய ஸ்குரூவை ஐட்லிங் ஸ்குரூ என்று நினைத்துத் திருகவும் வேண்டாம்.

கோளாறைச் சொல்லும் எண்ணை (எரர் கோடு) படிக்க எல்லா வண்டிக்கும் ஸ்கேனர் வேண்டியதில்லை. ஹோண்டாவில் பல மாடல்களில் சோதனை கனெக்டரைக் குறுக்கிணைத்துச் சாவி போட்டால் எஞ்சின் விளக்கே கண் சிமிட்டிச் சொல்லும்: நீள மின்னல் 10, குட்டை மின்னல் 1. நீளம் ஒன்று, குட்டை இரண்டு என்றால் 12, அதாவது இன்ஜெக்டர். ஆனால் கோடு காட்டுவது கோளாறு தெரிந்த இடத்தை. கெட்ட பாகத்தை அல்ல. ஆக்ஸிஜன் சென்சார் கோடு வந்தால் சைலன்சர் கேஸ்கெட் வழியே காற்று இழுக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கேனர் வாங்கும்போது காருக்கான 16 பின் கருவியை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். புதிய இருசக்கர வண்டிகள் பலவற்றில் 6 பின் சாக்கெட்தான்.

வகுப்பைப் பொறுத்தவரை, நாகர்கோவில் கோணத்திலுள்ள அரசு ஐ.டி.ஐ.யின் வழக்கமான பிரிவுகளில் ஆண்களுக்கு வயது வரம்பு 40. ஆகவே உதிரிபாக, ஆயில் நிறுவனங்கள் நடத்தும் குறுகிய பயிற்சிகளைப் பிடியுங்கள். சேருமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “மீட்டரை என் கையில் தருவீர்களா?” திரையில் படம் காட்டிச் சான்றிதழ் தருகிற வகுப்பு உங்களுக்குப் பயன்படாது. காயலான் கடையில் பழைய பம்ப், த்ராட்டில் பாடி, வயரிங் வாங்கி மேசையில் பரப்பிக்கொண்டால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: குலசேகரம். அம்மாவுக்கு வயது 71. நெடுங்காலம் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) அண்டி தல்லியவர், அதாவது முந்திரிக்கொட்டை உடைத்தவர். பி.எஃப். பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனால் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

பதில்: முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் ரேகை தேய்ந்திருக்கும். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்களுக்கும் மீன் வெட்டுகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. விரலோடு போராட வேண்டாம், முகத்தை வைத்தே கொடுக்கலாம்.

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ‘ஆதார் ஃபேஸ் ஆர்.டி.’, ‘ஜீவன் பிரமாண்’ இரண்டையும் பிளே ஸ்டோரிலிருந்து இறக்குங்கள். முதல் செயலி திரையில் தெரியாது. பின்னால் இருந்து வேலை செய்யும். காணோமே என்று திரும்பத் திரும்ப இறக்க வேண்டாம். ஜீவன் பிரமாணில் முதலில் ‘ஆபரேட்டர்’ என்று உங்கள் ஆதாரையும் முகத்தையும் ஒருமுறை பதிய வேண்டும். பிறகுதான் அம்மாவின் ஆதார், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) எண், வங்கிக் கணக்கு எண்.

பல சான்றுகள் நிராகரிக்கப்படுவது முகத்தால் அல்ல, தவறான தேர்வால். பென்ஷனை அனுமதித்த அமைப்பைக் கேட்கும் இடத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அங்கே வர வேண்டியது பி.எஃப். நிறுவனமான ஈ.பி.எஃப்.ஓ. படம் எடுக்கும்போது அம்மா ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும், ஜன்னல் முதுகுப் பக்கம் வேண்டாம். கண்ணாடியைக் கழற்றி, நெற்றி மறைக்கும் முக்காட்டை விலக்கி, சொல்லும்போது கண் சிமிட்டினால் போதும். சான்றுக்கான பிரமாண் எண் வந்ததோடு வேலை முடியாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஏற்கப்பட்டதா என்று பாருங்கள்.

பி.எஃப். பென்ஷன்காரர்கள் நவம்பருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். நல்ல போன் இல்லையென்றால் தபால்காரரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து எடுப்பார். கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கருங்கல். வயது 52. கால் மிஷினில் தைத்துப் பழக்கம். தையல் யூனிட்டில் ஜூக்கி (மோட்டாரில் ஓடும் தொழிற்சாலைத் தையல் மிஷின்) தெரிந்தால்தான் வேலை என்கிறார்கள். மிதித்தால் பாய்கிறது. இந்த வயதில் ஐ.டி.ஐ.யில் சேர்ப்பார்களா?

பதில்: சேர்ப்பார்கள், பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. ஆனால் தைக்கத் தெரிந்த உங்களுக்கு ஒரு வருடப் படிப்பு எதற்கு? உங்களுக்குக் குறைவது கால் கட்டுப்பாடு ஒன்றுதான்.

ஜூக்கி நிமிடத்துக்கு 4,000 தையலுக்கு மேல் போகும். சர்வோ மோட்டார் உள்ள மிஷினில் பழகக் கேளுங்கள். அதில் உச்ச வேகத்தைக் குறைத்து வைக்கலாம். நூலையும் பாபினையும் எடுத்துவிட்டு, செய்தித்தாளில் அரை அங்குல இடைவெளியில் கோடு போட்டு அதன்மேல் ஓட்டுங்கள். பிறகு சதுரம். மூலையில் ஊசி கீழே இருக்கும்படி நிறுத்தி, முழங்கால் தட்டால் பாதத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். முன்காலை அழுத்தினால் ஓடும், குதிகாலை அழுத்தினால் நிற்கும். இந்தக் குதிகால்தான் கால் மிஷின்காரர்களுக்கு வராது. பழகியபின் அந்த ஊசியை மாற்றிவிட்டுத் துணிக்குப் போங்கள், காகிதம் முனையை மழுக்கியிருக்கும்.

ஜூக்கி ஊசியின் தண்டு முழு உருண்டை. பட்டையான பக்கம் இல்லாததால் கண்ணால் பார்த்துப் பொருத்த வேண்டும்: நீளப் பள்ளம் இடப்பக்கம் வரட்டும். கொஞ்சம் திரும்பினாலும் தையல் விட்டுவிட்டு விழும்.

வீட்டிலேயே மிஷின் போட நினைத்தால், 35 வயது கடந்தவர்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையலும் உண்டு. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

கேள்வி: முட்டம். மீன் விற்கிறேன், பட்டன் போன்தான். வாங்குகிறவர் போனைக் காட்டி “அனுப்பியாச்சு” என்கிறார். எப்படி நம்புவது?

பதில்: அவர் திரையை நம்பாதீர்கள், அது நேற்றைய படமாகவும் இருக்கலாம். பணம் வந்ததைத் தமிழில் அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸ் வாங்குங்கள். மாத வாடகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் கடை போட்டதும் தெரிந்த ஒருவரை 1 ரூபாய் அனுப்பச் சொன்னால், உங்கள் கியூ.ஆர். மேல் வேறொருவர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் தெரிந்துவிடும். பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை; கேட்டால் அது ஏமாற்று. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். ஐஸ் தண்ணீர் சொட்டும் பெட்டி அருகே சவுண்ட் பாக்ஸை வைக்காதீர்கள், சார்ஜ் துளைதான் முதலில் துருப்பிடிக்கும்.