ஒரே துப்பாக்கிக்கு இரண்டு வகைக் குண்டு

அன்புள்ள ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா வால்பாறையில் ஒரு எஸ்டேட் துரைக்கு டிரைவராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது இரண்டு காலி அட்டைப்பெட்டிகளும் ஒரு பித்தளைத் தோட்டாக் கூடும் கிடைத்தன. பெட்டிகள் இரண்டிலும் கைனாக் என்ற கம்பெனிப் பெயர், .470, 500 கிரெய்ன் என்று ஒரே மாதிரிதான் அச்சாகியிருக்கிறது. ஆனால் ஒன்றில் ‘சாஃப்ட் நோஸ்’, இன்னொன்றில் ‘சாலிட்’. ஒரே துப்பாக்கி, ஒரே எடை. பிறகு எதற்கு இரண்டு வகை? இவ்வளவு பெரிய குண்டு எது பட்டாலும் மிருகம் விழாதா? .470 என்பது என்ன கணக்கு? படங்கள் இணைத்திருக்கிறேன். டிரங்கின் அடியில் இன்னும் ஏதோ கனமாகத் துணியில் சுற்றிக் கிடக்கிறது, அம்மா தொடாதே என்கிறார். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

அம்மா சொல்வது சரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பின் நடுவில் ஊசி குத்திய பள்ளம் தெரிகிறது, கழுத்தோரம் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. சுட்டு முடித்த கூடுதான். ஸ்கேல் வைத்துப் பாருங்கள், மூன்றேகால் அங்குலம் இருக்கும்.

.470 என்பது குண்டின் குறுக்களவைச் சுமாராகக் குறிக்கும் பெயர், அங்குலக் கணக்கில். உண்மையான குண்டு .474 அங்குலம். கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர். 500 கிரெய்ன் என்றால் 32 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது நாலு பவுன் எடை. அது வினாடிக்கு சுமார் 2,150 அடி வேகத்தில் கிளம்பும். அளவு ஏன் இப்படி ஒரு எண்ணாக இருக்கிறது என்பதற்கு நம் ஊர் அரசியல்தான் காரணம். இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்த துரைமார்கள் முதலில் விரும்பியது .450. பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியும் அதே அளவு. வேட்டைத் தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கிக் கலகக்காரர்கள் தங்கள் கையிலிருக்கும் மார்ட்டினிக்குப் போட்டுக்கொள்வார்கள் என்ற பயத்தில், 1907-இல் இந்தியாவிலும் சூடானிலும் .450-ஐத் தடை செய்தார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470, .475 என்று அளவைக் கொஞ்சம் தள்ளிவைத்து விற்றன. உங்கள் தாத்தாவின் துரைக்கு .470 வந்து சேர்ந்ததற்குப் பின்னால் இந்தத் தடை இருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம். பெரிய குண்டு பட்டால் எதுவும் விழும் என்ற நம்பிக்கையால் லாபம் பார்த்தவர்கள் துப்பாக்கி விற்றவர்கள்தான். குண்டு எவ்வளவு பெரியது என்பதைவிட, தோலைத் தாண்டிய பிறகு அது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. சாஃப்ட் நோஸ் குண்டில் ஈயத்தின் மேல் உலோக உறை இருக்கும், மூக்கில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டதும் அந்த மூக்கு நசுங்கி அகலமாகும். காயம் பெரிது, ஆனால் அகலமாவதாலேயே சீக்கிரம் நின்றுவிடும். புலி, சிறுத்தை, மான் போன்ற தோல் மெல்லிய உடம்புக்கு அது போதும். சாலிட் குண்டில் மூக்கையும் உறை மூடியிருக்கும். விரியாது, துளை சிறியது, ஆனால் எலும்பை உடைத்துக்கொண்டு நேராகப் போகும்.

யானையின் நெற்றியை நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்க அவ்வளவு பெரிய தலை, மூளையோ பின்னால் தள்ளி, தாழ்வாக இருக்கிறது. முன்னால் முழுக்கக் காற்றறைகள் நிறைந்த எலும்பு. அதில் சாஃப்ட் நோஸ் குண்டு பாதி வழியிலேயே விரிந்து, சிதறி நின்றுவிடும். யானை சாகாது, வெறி பிடித்துத் திரும்பும். அல்லது காயத்தோடு காட்டுக்குள் போய் வாரக்கணக்கில் சீழ்பிடித்துக் கிடக்கும். சாலிடுக்கு வேறு ஆபத்து. மந்தையில் நிற்கும் எருமையைச் சுட்டால் அதைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நிற்பதையும் குத்தும். அதனால்தான் ஆப்பிரிக்க எருமைக்கு முதல் குண்டு சாஃப்ட், அடுத்தது சாலிட் என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. இரட்டைக்குழலில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

குழல் பெரிதானால் போதும் என்பதற்கு எதிர்சாட்சி ‘கரமோஜோ’ பெல். தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேல் யானைகளைக் கொன்றவர். அதைப் பெருமையாக எழுதவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். பெரும்பாலும் .275 ரிக்பி என்ற சின்னத் துப்பாக்கிதான், ஆனால் சாலிட் குண்டு. குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குலத்தில் குறுக்களவின் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். அது கூடினால் குண்டு ஆழமாகப் போகும். உங்கள் 500 கிரெய்ன் குண்டுக்கு சுமார் .318. பெல்லின் 173 கிரெய்ன் குண்டுக்கு .306. குறுக்களவில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஆழத்துக்கான எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பெல்லுக்கு யானை மண்டையின் உள்ளமைப்பு அத்துப்படி. குறி தப்பினால் அந்தச் சின்னக் குண்டால் யானையை நிலைகுலைய வைக்க முடியாது. பல ஆப்பிரிக்க நாடுகள் பெரிய மிருகங்களுக்கு .375-ஐக் குறைந்தபட்ச அளவாக வைத்திருப்பது பெல்லை உத்தேசித்து அல்ல, மற்ற எல்லோரையும் உத்தேசித்து.

ஈயமும் உறையும் தனித்தனியாக இருப்பதுதான் தொல்லை, உறை கழன்றால் எல்லாம் போச்சு. 1940-களில் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் ஒரு மூஸ் மானைச் சுட்டு, குண்டு மேலாகவே சிதறிப்போனதைப் பார்த்து, நடுவில் தடுப்புச்சுவர் வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே உள்ளே போகும். இன்றைக்குப் பெரிய குழல்களுக்கு ஈயமே இல்லாமல் முழுச் செம்பு அல்லது பித்தளையில் கடைந்தெடுத்த குண்டுகள் வருகின்றன. இதைப் புதுமை என்று விளம்பரம் செய்பவர்களைப் பார்த்தால் புதுச்சேரிக்காரனான எனக்குச் சிரிப்பு வரும். பிரெஞ்சு ராணுவம் லெபெல் துப்பாக்கிக்கு 1898-இலேயே ‘பல் தே’ என்று முழுப் பித்தளைக் குண்டு போட்டது. முதல் உலகப் போரில் அந்தப் படை சுட்டது அதைத்தான். இங்கே கடற்கரைச் சாலையில் இருக்கிற நினைவுச்சின்னம் அந்தப் போரில் உயிரிழந்தவர்களுக்காகத்தான்.

இன்னொன்று. சாலிட் பெட்டி இருப்பதை வைத்து துரை யானை வேட்டைக்காரர் என்று முடிவுகட்ட வேண்டாம். சென்னை மாகாணத்தில் 1873-இலேயே காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகு நினைத்தபடி யானையைச் சுட முடியாது. காட்டுமாட்டுக்கும் சாலிட் போட்டவர்கள் உண்டு. இப்போது 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் காட்டு விலங்குகளைச் சுட முடியாது, அது உங்களுக்கே தெரியும்.

சரி, டிரங்கின் அடியில் கிடக்கிற துணிமூட்டை. அதை அவிழ்க்காதீர்கள், ஆட்டிப் பார்க்காதீர்கள், காயலான் கடைக்கும் போடாதீர்கள். உள்ளே சுடாத தோட்டா இருந்தால், எத்தனை வருடம் ஆனாலும் மருந்து உயிரோடு இருக்கலாம். அதோடு 1959 ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் தோட்டாவாகவே கணக்கில் எடுக்கிறது. அதனால் அந்தக் காலிக் கூட்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். தெரிந்த வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து மூலம் தகவல் கொடுத்து, அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும். அட்டைப்பெட்டிகள் வெறும் காகிதம்தான், அவற்றை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.